மாநில அரசு உதவியோடு புதுப் பள்ளி: தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் நாலு பேர் கூடினால் பள்ளிக்கூடப் பேச்சு வராமல் இருக்காது. கணக்குப் பாடம் மெதுவாகப் போகிறது, பாட்டுக்கும் கைவேலைக்கும் நேரமே இல்லை என்று பேச்சு நீளும். அப்புறம் யாராவது ஒருவர், "நாமே ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கினால் என்ன? மாநில அரசுதான் பணம் கொடுக்குமே" என்பார்.

சார்ட்டர் பள்ளி என்பது அரசு அனுமதியோடும் அரசுப் பணத்தோடும் தனிக் குழு ஒன்று நடத்தும் பள்ளி. அதற்கு அரசு பணம் கொடுக்கும், உண்மைதான். ஆனால் அந்த உதவி எந்த வரிசையில் வருகிறது என்று தெரியாமல் இறங்குவதால்தான் நல்ல யோசனைகள் பல, பள்ளி ஆகாமலே போகின்றன. அரசு முதலில் தருவது சில விதிகளிலிருந்து விடுதலை. பணம் பிள்ளைகளின் பின்னால்தான் வரும். பிள்ளைகள் வந்து நிலைத்தால் அதுவும் நிலைக்கும்.

சார்ட்டர் சட்டத்தை முதலில் இயற்றியது மினசோட்டா, 1991-ல். நான் இங்கே மாசசூசெட்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1993-ன் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அங்கே சார்ட்டர் பள்ளிகளைக் கொண்டுவந்தது. 2010-ன் சட்டம் 'இன்னவேஷன் ஸ்கூல்' என்ற புத்தாக்கப் பள்ளிகளுக்கு வழி திறந்தது. இரண்டு பாதையும் ஒரே மாநிலத்தில் இருப்பதால் எங்கே இடறுகிறார்கள் என்று பார்ப்பது எளிது.

சார்ட்டர் ஒன்றுதான் வழி என்று நினைப்பது

பலருக்கும் அந்த இரண்டாவது பாதை இருப்பதே தெரியாது. புத்தாக்கப் பள்ளி அந்த ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குள்ளேயே இயங்கும். பாடத்திட்டம், பட்ஜெட், நேர அட்டவணை, ஆசிரியர் நியமனம், ஆசிரியர் பயிற்சி, மாவட்ட விதிகள் என ஆறு விஷயங்களில் அதற்குத் தனி அதிகாரம் கேட்டு வாங்கலாம். ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரிகள், லாப நோக்கமற்ற அமைப்புகள் யாரும் திட்டம் போடலாம். மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர், அவற்றை மேற்பார்க்கும் ஸ்கூல் கமிட்டி, ஆசிரியர் சங்கம் ஆகிய மூவரின் பிரதிநிதிகள் கொண்ட குழு முதலில் அதைப் பரிசீலிக்கும். இறுதி முடிவு உள்ளூர் ஸ்கூல் கமிட்டியின் கையில்.

சார்ட்டருக்கு அனுமதி தருவது மாநிலக் கல்வி வாரியம். 'காமன்வெல்த்' வகை சார்ட்டர் பள்ளி மாவட்டத்தைச் சாராமல் தனித்து நிற்கும். 'ஹோரஸ் மான்' வகைக்கு உள்ளூர் ஸ்கூல் கமிட்டியின் ஒப்புதலும் வேண்டும். உங்கள் யோசனை பள்ளி நாளை நீட்டுவதும் பாடத்தை வேறு மாதிரி நடத்துவதும்தான் என்றால், காமன்வெல்த் சார்ட்டர் அதற்கு மிகப் பெரிய பாரம் என்பது என் எண்ணம். கட்டடம், பேருந்து, சம்பளப் பட்டியல், சட்ட ஆலோசனை எல்லாவற்றையும் நீங்களே தூக்க வேண்டியிருக்கும். மாவட்டத்துக்குள் இருந்தால் அதில் பாதி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் விண்ணப்பம் எழுதுவது

மாசசூசெட்ஸில் சார்ட்டர் பள்ளிகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு மாவட்டத்தின் பள்ளிச் செலவில் 9 சதவீதத்துக்கு மேல் சார்ட்டருக்குப் போகக் கூடாது. தேர்ச்சியில் கடைசி 10 சதவீதத்தில் இருக்கும் மாவட்டங்களில் மட்டும் இதை 18 சதவீதம் வரை போக விட்டது 2010-ன் சட்டம். ஆனால் 9-ஐத் தாண்டிய இடங்களை, ஏற்கெனவே பள்ளி நடத்தித் திறமையைக் காட்டியவர்களுக்குத்தான் தருவார்கள். முதல் தடவை வரும் பெற்றோர் குழுவுக்கு அந்தக் கதவு திறக்காது. இந்த வரம்பைத் தளர்த்த 2016-ல் வாக்கெடுப்பு நடந்தது; சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதனால் மாவட்டத்தில் எத்தனை இடம் மிச்சம் என்று மாநிலக் கல்வித் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவை எடுங்கள்.

வரப்போகும் பிள்ளைகளைக் கூட்டி எண்ணுவது

பள்ளிகளைச் சாய்க்கும் தவறுகளில் பெரியது இதுதான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 200 பிள்ளைகள் வருவார்கள், தலைக்கு 15,000 டாலர், ஆக 30 லட்சம் டாலர் என்று பட்ஜெட் எழுதுகிறீர்கள். செப்டம்பரில் 165 பேர்தான் வருகிறார்கள். 5,25,000 டாலர் குறைந்துவிட்டது. ஆனால் ஆசிரியர்களோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, வாடகையும் பேசியாயிற்று. வகுப்புக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் குறைந்ததற்காக ஓர் ஆசிரியரை நிறுத்த முடியாது. செலவு அப்படியே நிற்கும், வரவு மட்டும் இறங்கும்.

க்ளாஸ்டர் என்ற கடற்கரை ஊரில் நடந்தது இதற்கு நேரடிச் சாட்சி. அங்கே ஒரு சார்ட்டர் பள்ளிக்கு 2009 பிப்ரவரியில் மாநில வாரியம் அனுமதி கொடுத்தது. மாநிலத்தின் சார்ட்டர் அலுவலக ஊழியர்களே அந்த விண்ணப்பம் தேறவில்லை என்று மதிப்பிட்டிருந்தார்கள். அரசியல் காரணம் காட்டி ஆதரவு கேட்ட உயர்மட்ட மின்னஞ்சல் ஒன்று பிறகு வெளியே வந்து, ஊரே இரண்டுபட்டது. பள்ளி 2010-ல்தான் திறந்தது. அதுவும் கட்டடம் தயாராகாமல் தள்ளிப்போய். எதிர்பார்த்த அளவு பிள்ளைகள் சேரவில்லை. பணம் இறுகியது. 2013 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே மூடிவிட்டார்கள். நடுக்குளிரில் வேறு பள்ளி தேட வேண்டியிருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை. மேலிடத்தில் ஆதரவு இருந்தும், ஊருக்குள் அது கிடைக்காத பள்ளி தாங்கவில்லை.

ஆகவே விண்ணப்பத்துக்கு முந்தைய வேலை தெருவில்தான் இருக்கிறது. லோவெல் நகரில் கெமர் பேசும் கம்போடியக் குடும்பங்கள் நிறைய. பிராக்டனில் கேப் வெர்டி கிரியோல் பேசுவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் நோட்டீஸ் அடித்து, இணையக் கூட்டம் ஒன்று போட்டு, "200 பேர் ஆர்வம் காட்டினார்கள்" என்று எழுதினால் அது வெறும் காகிதம். தேவாலய வாசலிலும் துணி துவைக்கும் கடையிலும் நின்று, எந்த வகுப்புப் பிள்ளை, எந்த ஆண்டு சேர வரும் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலிலும் ஒரு பகுதி கடைசியில் வராது என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள்.

கட்டடத்துக்கும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

மாவட்டப் பள்ளிகளின் கட்டடத்துக்கு உதவும் மாநில அமைப்பு காமன்வெல்த் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கட்டித் தராது. இவர்களுக்குக் கட்டடச் செலவுக்கென்று ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வரும். பல ஆண்டுகள் அது 893 டாலராக இருந்தது, பின்னர்தான் கூடியது. அந்தக் கணக்கில் 200 பிள்ளைகளுக்கு 1,78,600 டாலர். பாஸ்டன் பக்கம் தீத்தடுப்பு, சாய்தளம், கழிவறை எல்லாம் பள்ளி விதிப்படி உள்ள ஒரு கட்டடத்தை அந்த வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், நிலைமை புரியும். 1994 முதல் இருக்கும் மத்திய அரசின் சார்ட்டர் மானியம் மேசை, புத்தகம், பயிற்சி போன்ற தொடக்கச் செலவுகளுக்கானது. வருடா வருடம் வாடகை கட்ட அதை நம்பக் கூடாது.

நம்ம பிள்ளைகளுக்கான பள்ளி என்று கிளம்புவது

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சார்ட்டர் பள்ளி கட்டணம் வாங்காத அரசுப் பள்ளி. நுழைவுத் தேர்வு வைக்க முடியாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் எல்லார் முன்னிலையிலும் குலுக்கல். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே படிப்பவரின் உடன்பிறந்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. தொடங்கியவர்களின் சமூகத்துக்கு என்று எதுவும் கிடையாது. தமிழ் கற்றுத்தர வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதைப் பாடமாக வைக்கலாம், ஆனால் வகுப்பில் யார் உட்கார்வார்கள் என்பதைக் குலுக்கல் சொல்லும்.

அப்படி வரும் பிள்ளைகளில் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். பேச்சுப் பயிற்சியாளர் இன்னும் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்ற பதில் செல்லாது. அந்தப் பிள்ளைக்கென்று தனியாக எழுதப்படும் ஐ.இ.பி. என்ற கல்வித் திட்டத்தில் இருப்பது முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். யாராவது நடுவில் விலகினால் அந்த இடத்தைக் காலியாக விடவும் முடியாது. பள்ளியின் முதல் பாதி வகுப்புகளில் பிப்ரவரி 15 வரை காத்திருப்போர் பட்டியலிலிருந்து நிரப்பச் சொல்கிறது சட்டம். நல்ல மதிப்பெண் எடுக்கிற பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மாவட்டத்தையும் ஆசிரியர்களையும் எதிரியாக்குவது

காமன்வெல்த் சார்ட்டருக்கு ஒரு பிள்ளை போனால் அவருக்கான தொகை மாவட்டத்தின் மாநில உதவியிலிருந்து கழிக்கப்படும். ஒரு வகுப்பில் இரண்டு பேர் போனதால் மாவட்டத்துக்கு ஓர் ஆசிரியர் சம்பளம் மிச்சமாகாது, அதனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த அடியைக் குறைக்க, முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகக் கழியும் தொகையில் முதல் ஆண்டு 100, பிறகு 60, பிறகு 40 சதவீதத்தை மாவட்டத்துக்கு ஈடுகட்டும் முறையை 2019-ன் சட்டம் வைத்திருக்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பொதுக் கூட்டத்துக்குப் போங்கள். "போட்டி இருந்தால் உங்கள் பள்ளியும் திருந்தும்" என்று பேசி வந்தால் கிடைக்க வேண்டிய பெற்றோரும் விலகுவார்கள்.

புத்தாக்கப் பள்ளியில் இது இன்னும் நேரடி. இருக்கும் பள்ளியை மாற்றுவதென்றால் அங்குள்ள ஆசிரியர்கள் ரகசிய வாக்களிப்பில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். திட்டத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டு அவர்களிடம் காட்டுவது வீண் வேலை. பள்ளி நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டினால் யார் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதல் வரைவிலேயே கூட உட்கார வையுங்கள்.

அறங்காவலர் பதவியைக் கௌரவமாக மட்டும் எடுத்துக்கொள்வது

சார்ட்டர் பள்ளியை நடத்தும் அறங்காவலர் போர்டில் உட்காரும் ஒவ்வொருவரும் மாசசூசெட்ஸ் சட்டப்படி சிறப்பு அரசு ஊழியர்; சொந்த லாபத்தையும் பதவியையும் கலக்கக் கூடாது என்ற விதி அவர்களுக்கும் உண்டு. கூட்டங்கள் முன்னறிவிப்போடு பொதுவில் நடக்க வேண்டும். மைத்துனரின் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது, நண்பரின் கம்பெனிக்கு மென்பொருள் வேலை கொடுப்பது எல்லாம் விசாரணையில் போய் நிற்கும். ஒஹாயோவில் ஈகாட் என்ற இணையவழி சார்ட்டர் பள்ளி, 2015-16-ல் காட்டிய சுமார் 15,300 மாணவர்களில் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் தர முடிந்தது. மாநிலம் பணத்தைத் திருப்பிக் கேட்டது, 2018 ஜனவரியில் பள்ளி மூடப்பட்டது. வருகைப் பதிவை யார் சரிபார்க்கிறார்கள் என்று போர்டில் கேட்பதே உறுப்பினரின் வேலை.

சார்ட்டர் அனுமதி ஐந்து ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும்போது பிள்ளைகளின் தேர்ச்சி, நிர்வாகமும் நிதியும் உறுதியாக இருப்பது, விண்ணப்பத்தில் சொன்னதைச் செய்தது ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றாவதில் பலர் மாட்டுகிறார்கள்: ஆர்வத்தில் ரோபாட்டிக்ஸ், இசை, மூன்று மொழி, பண்ணை வேலை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இரண்டாம் ஆண்டே பாதியைக் கைவிடுவார்கள். செய்யக்கூடிய இரண்டு விஷயத்தை மட்டும் எழுதி, அவை நடப்பதற்கான பதிவைத் திறந்த முதல் வாரத்திலிருந்தே வைத்து வாருங்கள். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவதற்கு முன்பே மாநிலத்திடம் திருத்தம் கேட்டு வாங்கிவிடுங்கள்.