ஒரே பிடிஎஃப், மூன்று தாள்: லேயர் வைத்துப் பாடத்தாள் செய்யலாம் வாங்க

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தமிழ் எழுத்துப் படிக்க வருகிறார்கள். எல்லார் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும். அதனால் சிலர் தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவார்கள். சிலருக்குச் சொல்லைக் கன்னட எழுத்தில் எழுதிக் காட்டினால்தான் வாயில் வரும். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு தாள் வேண்டும். ஆரம்பத்தில் மூன்று கோப்பாக வைத்திருந்தேன்: படம் மட்டும் உள்ளது, கன்னட எழுத்து உதவியுடன் ஒன்று, விடையுடன் ஒன்று. ஒன்றில் எழுத்துப்பிழை திருத்தினால் மற்ற இரண்டிலும் அது அப்படியே கிடக்கும்.

இப்போது ஒரே பிடிஎஃப்தான். உள்ளே மூன்று லேயர், அதாவது மூன்று அடுக்கு. முன்பெல்லாம் ஓஎச்பியில் (தாளில் உள்ளதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவி) கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வகுப்பெடுப்பார்களே, அதே ஏற்பாடு. லேயரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை ஒருமுறை அழுத்தினால் விடை மறையும், மறுபடி அழுத்தினால் வரும். இந்த வசதி 2003இல் அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட் 6 வந்தபோது, பிடிஎஃப் 1.5 என்ற பதிப்புடன் சேர்ந்து வந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2009 முதல் வெளியிடும் நிலவரைபடங்களில் சாலை, ஆறு, உயரக்கோடு எல்லாம் இப்படித் தனித்தனி லேயரில்தான் இருக்கின்றன. வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடலாம். அவ்வளவு பெரிய வேலைக்குப் பயன்படுவதை நம் பாடத்தாளுக்கும் பயன்படுத்தலாம், காசு செலவில்லாமல்.

முதலில் காகிதமும் பென்சிலும்

கணினியைத் திறக்க வேண்டாம். எதை எதில் போடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணில் எது படக்கூடாது?

என் தாளில் ஆறு படங்கள். வாழைப்பழம், தேங்காய், அவரைக்காய், கத்திரிக்காய், மாங்காய், பூசணிக்காய். படமும் அதன் கீழே எழுதக் கோடும் எப்போதும் தெரிய வேண்டும். அது அடித்தளம். கன்னட எழுத்தில் உச்சரிப்பு, திணறும்போது மட்டும் பார்க்க. அது இரண்டாவது. தமிழ்ச் சொல், எழுதி முடித்தபின் சரிபார்க்க. அது மூன்றாவது.

கன்னட லேயரைத் தனியாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் க ஒன்றே எழுத்து, ஒலி இடத்துக்கு இடம் மாறும். கன்னடத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தேங்காயில் வரும் கா எப்படி ஒலிக்கும் என்று தமிழ் எழுத்தை மட்டும் பார்க்கும் பிள்ளைக்குச் சந்தேகம் வரும். கன்னட வரி பார்த்த உடனே சொல்லிவிடும். ழ வேறு விதம். பழைய கன்னடத்தில் அதற்கு எழுத்து இருந்தது, பின்னால் வழக்கொழிந்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அதைத் தெரியாது. அதனால் வாழையில் வரும் ழ இருக்க வேண்டிய இடத்தில் கன்னட ளகரத்தைப் போட்டு அதைச் சிவப்பாக்கிவிடுகிறேன். சிவப்பு என்றால் நாக்கை மடக்கு என்று வகுப்பில் ஒப்பந்தம். போன மாதம் ஒரு எட்டு வயதுப் பையன் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மிஸ், இது நம்ம பாளெஹண்ணு தானே?” என்றான். வாழை கன்னடத்தில் பாளெ ஆனதை அவனே கண்டுபிடித்துவிட்டான். இந்தக் குறிப்பெல்லாம் விடையோடு கலந்து ஒரே லேயரில் கிடந்திருந்தால் அவன் நேராக விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பான்.

ஸ்கிரைபஸும் எழுத்துருவும்

ஸ்கிரைபஸ் பக்கங்களை வடிவமைக்கும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். பழைய 1.4 வேண்டவே வேண்டாம். அதில் தமிழ் சிதறிவிடும். கெ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் கன்னடா இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். வேர்டில் எந்த மொழியில் அடித்தாலும் அதுவே ஒரு எழுத்துருவைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஸ்கிரைபஸ் அப்படிச் செய்யாது. கன்னட வரிக்குக் கன்னட எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

லேயர்களைப் போடுவது

ஃபைல் மெனுவில் நியூ. ஏ4, நிமிர்ந்த வாக்கு, அளவு மில்லிமீட்டர். ஓகே.

இனி எஃப்6 விசை. லேயர்ஸ் என்ற சின்னப் பெட்டி திறக்கும். பேக்கிரவுண்ட் என்று ஒரு லேயர் ஏற்கெனவே இருக்கும். அதன் பெயர்மேல் இரட்டைச் சொடுக்கு போட்டு ‘படம்’ என்று மாற்றுங்கள். கீழே கூட்டல் குறியை இருமுறை அழுத்தி இன்னும் இரண்டு சேருங்கள்: ‘கன்னட எழுத்து’, ‘விடை’. படிப்பவர் கண்ணிலும் இதே பெயர்கள்தான் படும். அதனால் லேயர் 1, லேயர் 2 என்று விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வரிசையாகக் குறிகள் இருக்கும். கண் என்றால் திரையில் தெரிகிறது. பிரிண்டர் என்றால் அச்சில் வரும். பூட்டு என்றால் கை பட்டாலும் நகராது. இப்போதைக்கு இந்த மூன்றும் போதும். பட்டியலில் மேலே இருப்பது தாளிலும் மேலே இருக்கும். படம் அடியில், விடை உச்சியில் இருக்கட்டும்.

பொருள்களை வைப்பது

எல்லாரும் தவறுவது இங்கேதான், நானும் பலமுறை தவறியிருக்கிறேன். ஸ்கிரைபஸில் நீங்கள் வரையும் எதுவும் அந்த நேரத்தில் எந்த லேயர் தேர்வில் இருக்கிறதோ அதில் போய் உட்காரும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், கடைசியில் விடையை அணைத்தால் கூடவே இரண்டு படமும் மறையும். சாளரத்தின் அடியில் ஒரு பட்டியலில் இப்போதைய லேயரின் பெயர் காட்டும். எதை வரைவதற்கு முன்னும் அங்கே ஒரு பார்வை.

‘படம்’ லேயரைத் தேர்ந்தெடுத்து, படச் சட்டகம் ஆறு, வரிசைக்கு மூன்றாக வரையுங்கள். ஒவ்வொன்றிலும் வலது சொடுக்கு போட்டுப் படத்தை இறக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு. முடிந்ததும் லேயரைப் பூட்டிவிடுங்கள்.

அடுத்து ‘விடை’க்குப் போங்கள். வாழைப்பழத்தின் கோட்டுக்கு மேலே ஓர் எழுத்துச் சட்டகம், அதில் சொல். இடம் துல்லியமாக இருக்க வேண்டும். எஃப்2 அழுத்தினால் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டி வரும். அதில் எக்ஸ், ஒய் எண்கள் இருக்கும். முதல் வரிசைச் சட்டகங்கள் மூன்றுக்கும் ஒரே ஒய் எண் கொடுங்கள், கண்ணால் ஒப்பிட்டு நகர்த்தாதீர்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலும் லேயரை அணைத்துப் போடும்போது சொல் கோட்டைவிட்டு எழும்பி நிற்பது பளிச்சென்று தெரியும். கன்னட வரிக்கும் இதே முறைதான். அது கோட்டுக்குக் கீழே, சிறிய அளவில், சாம்பல் நிறத்தில். ழகரத்துக்குப் பதிலாகப் போட்ட ளகரம் மட்டும் சிவப்பு.

ஏதாவது தவறான லேயருக்குப் போய்விட்டால் அழிக்க வேண்டியதில்லை. அதன்மேல் வலது சொடுக்கு, சென்ட் டு லேயர், சரியான பெயர்.

பிடிஎஃப் ஆக்குவது

ஏற்றுமதிக்கு முன், கோப்பைத் திறந்ததும் எது தெரிய வேண்டும் என்று தீர்மானியுங்கள். ‘கன்னட எழுத்து’, ‘விடை’ இரண்டின் கண்ணையும் மூடுங்கள். அவை மூடியபடியே பிடிஎஃப்புக்குப் போகும், படிப்பவர் வேண்டும்போது திறந்துகொள்வார்.

ஃபைல், எக்ஸ்போர்ட், சேவ் ஆஸ் பிடிஎஃப். ஜெனரல் பக்கத்தில் கம்பாட்டிபிலிட்டி என்ற இடத்தில் பிடிஎஃப் 1.5 தேர்ந்தெடுங்கள். 1.3, 1.4 இரண்டுக்கும் லேயர் என்றால் என்னவென்றே தெரியாது. 1.5 போட்டதும் இன்க்ளூட் லேயர்ஸ் என்ற கட்டம் உயிர் பெறும். அதில் டிக் போட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் தட்டையாகிவிடும். வியூவர் பக்கத்தில் டிஸ்ப்ளே லேயர்ஸ் டேப் என்று ஒன்று இருக்கும். அதையும் தேர்ந்தெடுத்தால் அக்ரோபாட்டில் திறக்கும்போதே லேயர் பட்டியல் பக்கத்தில் வந்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் தேட வேண்டாம். சேவ்.

திறந்து பார்ப்பது

கணினியில் அடோபி அக்ரோபாட் ரீடரில் திறந்து ஒவ்வொரு கண்ணையும் அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஃபயர்பாக்ஸிலும் பக்கப் பட்டையில் லேயர்கள் கிடைக்கும். லினக்ஸில் ஓகுலர், எவின்ஸ் இரண்டும் காட்டும். குரோமில் கோப்பு திறக்கும், ஆனால் அணைத்துப் போடும் பட்டியல் இருக்காது.

கைப்பேசிதான் சிக்கல். பெரும்பாலான கைப்பேசிச் செயலிகளில் லேயர் பட்டியலே கிடையாது. முதல் தடவை நான் எல்லா லேயரையும் திறந்த நிலையிலேயே ஏற்றுமதி செய்து பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு எல்லாப் பிள்ளைகளும் ஆறுக்கு ஆறு சரியாக எழுதிக்கொண்டு வந்தார்கள், ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. ஆகவே மேலே சொன்ன முடிவு முக்கியம்: லேயர் பட்டியல் இல்லாதவர் கையில் போய்ச் சேர்ந்தாலும் அது முழுமையான ஒரு பாடத்தாளாக நிற்க வேண்டும்.

அச்சுக்கும் இதே கவனம் தேவை. ஜெராக்ஸ் கடைக்கு லேயர் உள்ள கோப்பைக் கொடுக்காதீர்கள், அவர்கள் திறக்கும் மென்பொருள் எதைக் காட்டுமோ தெரியாது. அக்ரோபாட்டில் வேண்டிய லேயரை மட்டும் திறந்து வைத்து, விண்டோஸின் பிரிண்ட் டு பிடிஎஃப் வழியாகத் தட்டையான பிரதி எடுத்து அதைக் கொடுங்கள்.

தேர்வு வினாத்தாளுக்கு இந்த முறை ஆகவே ஆகாது. அணைத்த லேயர் கண்ணுக்குத்தான் தெரியாது, கோப்புக்குள் இருக்கத்தான் செய்யும். யார் வேண்டுமானாலும் ஒரு சொடுக்கில் திறந்துவிடலாம்.

பட்டியலுக்குப் போகாமல் தாளிலேயே ‘விடை பார்’ என்று ஒரு பொத்தான் வைக்கவும் வழி உண்டு. லாடெக்ஸில் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) எழுதுபவர்கள் ஓசிஜிஎக்ஸ்2 என்ற தொகுப்பைச் சேர்த்தால், ஒரு சொல்லைத் தொட்டதும் குறிப்பிட்ட லேயர் திறந்து மூடும்படி செய்யலாம். கட்டண அக்ரோபாட்டில் இணைப்புக்கு லேயரைக் காட்டு, மறை என்று செயல் கொடுக்கலாம். இரண்டும் நன்றாக இருக்கும், ஆனால் அவை எல்லாச் செயலியிலும் வேலை செய்வதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் வெறும் லேயரோடு நான்கைந்து தாள் செய்து கை பழகட்டும்.

பிடிஎஃப் எடுத்ததும் ஸ்கிரைபஸின் மூலக் கோப்பான எஸ்எல்ஏ கோப்பை அழித்துவிடாதீர்கள். திருத்தம் எல்லாம் அதில்தான் செய்ய முடியும். நான் அதை நகலெடுத்து, ஆறு சட்டகங்களிலும் காய்கறிக்குப் பதில் பறவைகளை இறக்கிவிட்டேன். லேயர்களும் இடங்களும் அப்படியே இருந்தன, இந்த வாரத் தாள் அரை மணி நேரத்தில் முடிந்தது. ‘கிளி’யில் வருவது ழ அல்ல, ள; அதனால் அங்கே சிவப்பு எழுத்து வராது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.