ஏற்காட்டு பங்களா ஸ்பூனை எடைக்குப் போடும் முன்: முத்திரை படிக்கவும் பராமரிக்கவும் ஒரு செய்முறை

சேலத்தில் வெள்ளிச் சாமானைக் கையில் கொடுத்தால் முதல் கேள்வி "எத்தனை டச்?" (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி), அடுத்தது "எத்தனை கிராம்?". கொலுசுக்கு அது சரி, கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையின் பிழைப்பே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆனால் ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறும்போது பீரோவிலிருந்து வெளியே வரும் ஸ்பூன், ஃபோர்க், கத்தியும் அதே தராசில் ஏறி நேராக உருக்கப் போவதுதான் கொடுமை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் மலையில் குடியேறிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் சாப்பாட்டு மேஜைச் சாமான்கள் இவை. சில வெறும் முலாம், சில நல்ல வெள்ளி, சில வெள்ளி விலையைவிடக் கூடுதலாகப் போகும். எது எந்த வகை என்பது பெரும்பாலும் பின்பக்கமே பொறித்திருக்கும்.

தேவையானவை: நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், செல்போன், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல்.

படி 1: தேய்க்காதீர்கள்

கறுத்துப்போன ஸ்பூன் கைக்கு வந்ததும் விபூதியைத் தொட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். முத்திரைப் பள்ளத்துக்குள் இருக்கும் கறுப்புதான் எழுத்தை எடுத்துக் காட்டுகிறது, அதை எடுத்துவிட்டால் படிப்பது கஷ்டம். இப்போதைக்குத் தூசியை மட்டும் மெல்லிய துணியால் துடையுங்கள்.

அப்புறம் ஸ்பூனைக் கவிழ்த்துக் கிண்ணத்தின் அடிவயிற்றைப் பாருங்கள், அதாவது மேஜையில் வைத்தால் தரையில் படும் இடம். வருஷக்கணக்கில் உரசி உரசி அங்கேதான் முதலில் தேயும். அந்த இடம் மட்டும் லேசான மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ வேறு மாதிரி தெரிந்தால் அது முலாம், உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் நிறம் மாறவில்லையென்றால் நம்பிக்கையோடு அடுத்த படிக்குப் போகலாம். நுனியையும் பாருங்கள்: வலது கைக்காரர்கள் நெடுநாள் பயன்படுத்திய ஸ்பூனில் கிண்ணத்தின் இடதுபக்க நுனி கொஞ்சம் கரைந்து, கோணலாக இருக்கும். பழசு மாதிரி செய்த புதுசில் இது அவ்வளவு எளிதில் வராது.

படி 2: முத்திரையைக் கண்டுபிடியுங்கள்

ஸ்பூன், ஃபோர்க்கில் காம்பின் பின்பக்கம் இருக்கும். 1780-களுக்கு முந்தையவற்றில் முத்திரை கிண்ணத்தை ஒட்டிக் காம்பின் ஒல்லியான இடத்தில் நசுங்கிக் கிடக்கும், அதற்குப் பிந்தையவற்றில் பிடியின் அகலமான முனைப் பக்கம் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஏறக்குறைய காலம் சொல்லிவிடலாம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள், பள்ளம் மேடு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

படி 3: படியுங்கள்

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பங்களாச் சாமான்களில் அதிகம் கண்ணில் படுவது ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்று அதற்குப் பொருள். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனி 1840-ல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியது, பிறகு இங்கிலாந்தில் இது வெள்ளமாய்ப் பெருகியது. நான்கு எழுத்தையும் தனித்தனிக் கேடயக் கட்டத்துக்குள், பழைய கோணல் எழுத்தில் பொறித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் ஹால்மார்க் மாதிரியே இருக்கும், வேண்டுமென்றே செய்ததுதான். ஏ1 என்று இருந்தால் அது முலாமின் தரத்துக்கான கம்பெனிக் குறி, வெள்ளியின் தரம் அல்ல.

அசல் ஆங்கில வெள்ளியில் தேட வேண்டியது சிங்கம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி, நம்மூர்க் கணக்கில் 92.5 டச். பக்கத்தில் ஊர்ச் சின்னம்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்டு. கோட்டை என்றால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, பழைய சாமானில் அங்கே சிங்கத்துக்குப் பதில் முட்செடிப் பூ (திசில்) இருக்கும். பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு இரண்டுக்கும் வெள்ளியைச் சோதித்து முத்திரை அடிக்கும் சோதனைச் சாலை வந்தது 1773-ல். அதோடு ராஜா அல்லது ராணியின் தலை ஒன்று இருந்தால் வரி கட்டியதற்கான அடையாளம், அது 1784 முதல் 1890 வரைதான். இன்னொன்று செய்தவரின் அல்லது சோதனைக்குக் கொடுத்தவரின் முதலெழுத்துகள். உதாரணமாக ஜி.ஏ. என்று வரும் விக்டோரியா காலத்து லண்டன் ஸ்பூன்கள் பல, சானர் கம்பெனியை நடத்திய ஜார்ஜ் ஆடம்ஸுடையவை. எழுத்து மட்டும் ஒத்துப்போனால் போதாது, அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக வருஷ எழுத்து. எனக்கு இதுதான் இந்த வேலையிலேயே பிடித்த இடம். லண்டனில் வருஷத்துக்கு ஒரு எழுத்து, ஜே-யை விட்டுவிட்டு ஏ முதல் யூ வரை இருபது எழுத்து. அது முடிந்தால் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடியும் ஏ. 1796, 1816, 1836, 1856, 1876, 1896, 1916 எல்லாம் ஏ தொடங்கிய வருஷங்கள். இப்போது உங்கள் கையில் உள்ள ஸ்பூனில் சிங்கம், சிறுத்தைத் தலை, சாதாரண அச்சு வடிவத்தில் சின்ன எழுத்து சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்து அச்சு வடிவம் 1816 வரிசையிலும் உண்டு, 1896 வரிசையிலும் உண்டு, ஆக 1818 அல்லது 1898. ராஜா தலை இருக்கிறதா? இல்லை. சிறுத்தைக்கு மேல் கிரீடம்? அதுவும் இல்லை (லண்டன் சிறுத்தை 1821-ல் கிரீடத்தை இழந்தது). ஆக 1898. அப்போது மே மாதத்தில்தான் எழுத்து மாறும் என்பதால் 1899 தொடக்கத்திலும் பொறித்திருக்கலாம். மற்ற ஊர்களின் வரிசை வேறு, லண்டன் கணக்கைப் பர்மிங்ஹாம் ஸ்பூனுக்குப் போடாதீர்கள்.

சிங்கம் இல்லையென்றால் உடனே கழித்துவிடவும் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இப்படிப்பட்ட அரசுச் சோதனை முத்திரை கிடையாது. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹாமில்டன் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரையோ சுருக்கத்தையோ மட்டும் அடித்தார்கள், ஹாமில்டன் சாமானில் குட்டி யானைகூட இருக்கும். சாமி உருவங்கள் புடைத்த மெட்ராஸ் வேலைப்பாடு கிடைத்தால் தயவுசெய்து பட்டறைப் பக்கம் போகாதீர்கள். 800 என்ற எண்ணோடு பிறையும் கிரீடமும் இருந்தால் ஜெர்மனி, 1888-க்குப் பிந்தையது.

படி 4: முத்திரை அழிந்திருந்தால்

காந்தம் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, வெள்ளியும் ஒட்டாது, நிக்கல் சில்வரும் ஒட்டாது. டச் பார்க்கும் மிஷினும் மேல்தோலைத்தான் படிக்கும், முலாம் தடிமனாக இருந்தால் நல்ல டச் காட்டி ஏமாற்றும். வீட்டிலேயே செய்யக்கூடியது அடர்த்திக் கணக்கு. ஸ்பூனை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, முழுசாக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் ஸ்பூன் எடையை வகுத்தால் அடர்த்தி. ஸ்டெர்லிங் 10.3-ஐ ஒட்டி வரும், நிக்கல் சில்வர் 9-ஐத் தொடாது. 62 கிராம் ஸ்பூன் வெள்ளியானால் தராசு 6 கிராம் காட்டும், முலாமானால் 7-ஐத் தாண்டிவிடும்.

சோம்பேறிகளுக்கு ஒரு வழி: சூடான காபியில் ஸ்பூனை விட்டுக் காம்பைப் பிடியுங்கள். வெள்ளி சூட்டைச் சரசரவென்று மேலே ஏற்றும், நிக்கல் சில்வர் நிதானமாகத்தான் சுடும். இதை மட்டும் நம்பி காசு கொடுத்து வாங்காதீர்கள்.

படி 5: சுத்தம்

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய வேட்டித் துணி. பாதி கறுப்பு இதிலேயே வெளுக்கும். அப்படியும் போகாததற்கு நல்ல வெள்ளி பாலிஷைப் பஞ்சில் தொட்டு, முத்திரை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மெதுவாகத் தேயுங்கள். பற்பசை, பல்பொடி, சபீனா எல்லாம் கீறும். விபூதியும் இப்போது என்னென்னவோ கலந்து வருகிறது, குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் முக்கினால் கறுப்பு மாயமாய்ப் போகும், உண்மைதான். ஆனால் பூவேலைப் பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய நிழலும் சேர்ந்து போய்விடும், வேலைப்பாடு வெளிறிப்போகும். ஒன்றுமில்லாத மொட்டை ஸ்பூனுக்குப் பரவாயில்லை.

பட்டறையில் பஃப் மிஷினில் கொடுத்துப் பளபளவென்று வாங்குவதைத்தான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். கொலுசுக்கு அழகு, இதற்கு விஷம். நூறு வருஷம் தாங்கிய முத்திரை சில நிமிஷத்தில் மழுங்கிவிடும், முலாம் சாமானென்றால் முலாமே போய்விடும்.

படி 6: எடுத்து வைப்பது

காற்றிலுள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது, ஈரம் அதை வேகப்படுத்தும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் திறந்த அலமாரி ஆகாது. பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், கட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழுந்து உட்கார்ந்துவிடும். கம்பளியும் நியூஸ்பேப்பரும் ஆகாது. முட்டை தொட்ட ஸ்பூனையும் உப்பு எடுத்த ஸ்பூனையும் உடனே கழுவுங்கள், உப்பு வெள்ளியைக் குழி குழியாக அரித்துவிடும்.

கத்திகளுக்குத் தனி ஜாக்கிரதை. பல கத்திகளின் பிடி உள்ளே கூடு, அதில் அரக்கு மாதிரி ஒரு பிசினை ஊற்றித்தான் அலகை நிறுத்தியிருப்பார்கள். வெந்நீரில் ஊறவைத்தால் பிசின் இளகி அலகு ஆடும், ஆகவே அலகை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். அலகில் ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருந்தால் அந்த அலகு 1913-க்குப் பிறகு வந்தது, ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகைச் செய்த வருஷம் அது. பிடி இன்னும் பழசாக இருந்து அலகை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பிடி தந்தமாக இருக்குமோ என்று தோன்றினால் விலை பேசாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி இந்தியாவில் யானைத் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம்.