பறவைக் குழுவோடு ஹைவெல்ட் புல்வெளிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஹைவெல்ட் என்ற தென்னாப்பிரிக்கப் புல்வெளிப் பீடபூமியில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கிற்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பறவைக் குழுவில் சேர்ந்தேன். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சில நேரம் நைஜல் ஊருக்கு அருகே மாரிவேல் ஈரநிலம், சில நேரம் லிம்போபோ பக்கம் நைல்ஸ்வ்லே, வருடத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரப் பயணத்தில் வாக்கர்ஸ்ட்ரூம். முதல் தடவை நான் செய்யாத தவறு பாக்கியில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். இப்போது புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். புதியவர்களும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பார்க்கப்போனால் முக்கால்வாசித் தவறுகளுக்குக் காரணம் அவசரம்தான்.

நேரத்துக்கு வருவது மட்டும் இதற்கு விதிவிலக்கு; அதில் அவசரப்படலாம். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். 'ஞாயிற்றுக்கிழமைதானே' என்று ஏழரைக்கு வந்து சேர்ந்தால், மற்றவர்கள் ஃபிளாஸ்கைத் திறந்து காபியில் ரஸ்க் தோய்த்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த மாதத்தில் எதைத் தேடுவது என்று தெரியாமல் வருவது அடுத்த தவறு. நீள்வால் விதவைக்குருவியின் படத்தைப் பார்த்துவிட்டு ஜூலையில் வந்து ஏமாந்தவர்கள் உண்டு. கோடையில் ஆண் குருவி கன்னங்கரேலென்று, தோளில் சிவப்புப் பட்டையும் அரை மீட்டர் வாலுமாகப் புல்லுக்கு மேலே கறுப்புத் துணி பறப்பதுபோல் போகும். குளிர்காலத்தில் அந்த வாலும் இல்லை, கறுப்பும் இல்லை. கோடு போட்ட பழுப்புக் குருவிகளின் கூட்டத்தில் கலந்துவிடும். அமூர் வல்லூறு அக்டோபர், நவம்பரில் நம் நாகாலாந்தில் இறங்கி இளைப்பாறிவிட்டு, அரபிக்கடலைத் தாண்டி டிசம்பர் வாக்கில்தான் இந்தப் புல்வெளிகளின் மின்கம்பிகளுக்கு வந்து சேரும். அதை ஆகஸ்டில் தேடிப் பயனில்லை. ஆனால் குளிர்காலத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. புல் எரிந்தும் மேய்ந்தும் குட்டையாகிக் கிடக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்களைக் கண்ணுக்கு மறைப்பில்லாமல் பார்க்கலாம். காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கையுறை இல்லாமல் வந்தால் பைனாகுலரைப் பிடிக்கவே முடியாது.

பெயர் சொல்லத் துடிப்பது

இது ஊரிலிருந்து வருகிற நமக்கே உரிய வியாதி. நைல்ஸ்வ்லேயில் முள்மர உச்சியில் கறுப்பாக ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பியது. சின்ன வயதிலிருந்து கரண்டுக் கம்பியில் பார்த்த பறவையாயிற்றே! "கரிச்சான்" என்று மனசு சொன்னது, "ட்ராங்கோ!" என்று வாய் கத்தியது. அன்றைக்கு எங்களை அழைத்துப் போனவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "கண் என்ன நிறம்?" என்று கேட்டார். நான் கண்ணைப் பார்க்கவே இல்லை.

அது கரிச்சான் இல்லை, தெற்கத்திக் கறுப்பு ஈப்பிடிப்பான். உடம்பின் கறுப்பு, உட்காரும் தோரணை, பூச்சி பிடிக்கிற விதம் எல்லாம் கரிச்சான் போலவே இருக்கும். ஆனால் வால் நுனி ஏறக்குறைய நேராக வெட்டியதுபோல் முடியும். கரிச்சானுக்கு மீன்வால்போல் இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கம் வளையும். ஈப்பிடிப்பானின் கண் கரும்பழுப்பு, கரிச்சானின் கண் சிவப்பு. இரண்டும் ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் சகஜம். அந்த ஆசிரியை எனக்கு வைத்த விதியைத்தான் இப்போது நானும் எல்லோருக்கும் சொல்கிறேன்: பெயரைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல். அலகு எப்படி, கண் எப்படி, வால் எங்கே முடிகிறது, என்ன செய்கிறது. பெயர் தானாக வந்து உட்காரும்.

சின்னப் பழுப்புக் குருவிகளிடம் இந்த விதியும் பலிக்காது. ஹைவெல்ட் புல்லில் சிஸ்டிகோலா என்று ஒரு கும்பல் இருக்கிறது. அதில் குட்டை வால்காரர்கள் நாலைந்து பேரை உருவத்தை வைத்துப் பிரிப்பது பெரிய கைகளுக்கே கஷ்டம். குரலையும், ஆண் குருவி வானத்தில் ஏறி இறங்கும் விதத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். 'இனம் தெரியாத சிஸ்டிகோலா' என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் இல்லை. எங்கள் குழுவில் முப்பது வருடம் பறவை பார்த்தவர்தான் அதை அதிகமாக எழுதுகிறார்.

இன்னொன்று, "அதோ அந்த மரத்தில்!" என்று கத்துவது. முள்மரக் காட்டில் எல்லாமே அந்த மரம்தான். நிலையான ஒன்றை முதலில் சொல்லுங்கள். வேலியின் மூன்றாவது கம்பம், அதற்கு இடப்பக்கம் காய்ந்த மரம், அதில் கடிகாரத்தின் இரண்டு மணி திசை. கையை நீட்டிக் காட்டாதீர்கள். பறவைக்குக் கை தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குப் பறவை தெரியாது.

பட்டியலில் கள்ளம்

நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான். இங்கே பல குழுக்களின் பயணம் வெறும் உல்லாசப் பயணம் இல்லை. தென்னாப்பிரிக்கப் பிராந்தியத்துக்கான பறவை வரைபடத் திட்டம் ஒன்று இருக்கிறது. முதல் சுற்றில் 1987-லிருந்து 1991 வரை தகவல் திரட்டினார்கள். இரண்டாம் சுற்று 2007-ல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. நிலத்தை ஐந்து கலை அட்சம், ஐந்து கலை தீர்க்கம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கொண்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெயர் பென்டாட், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்ற வேண்டும். குளம், புல், புதர், பண்ணைவீடு என்று முடிந்தவரை எல்லா வகை இடத்தையும் தொட வேண்டும். பார்த்த இனங்களைப் பார்த்த வரிசையிலேயே பதிய வேண்டும். அப்போதுதான் அது முழுப் பட்டியல். பெரும்பாலானோர் போனில் பேர்ட்லாசர் செயலியில் பதிகிறார்கள். கட்டத்தின் எல்லை தாண்டினால் அதுவே காட்டிவிடும்.

இதில் புதியவர்கள் செய்வது, அரிய பறவையை மட்டும் பதிந்துவிட்டு மைனாவையும் புறாவையும் விட்டுவிடுவது. "அது எல்லா இடத்திலும் இருக்கிறதே!" ஆனால் கணக்கு நடப்பது வேறு விதம். ஒரு கட்டத்திலிருந்து வந்த முழுப் பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் இருக்கிறது என்ற விகிதத்தை வைத்துத்தான், அது பெருகுகிறதா குறைகிறதா என்று ஊகிக்கிறார்கள். பத்துப் பேர் சலிப்பில் சாம்பல் புறாவை எழுதாமல் விட்டால், காகிதத்தில் அந்தப் புறா அழியத் தொடங்கிவிடும். அதேபோல், பக்கத்துக் கட்டத்தில் பார்த்த நீலக் கொக்கை ஆசையில் இந்தக் கட்டத்தில் சேர்ப்பதும் பொய்க் கணக்குதான். நாட்டின் தேசியப் பறவையே ஆனாலும் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம்தான்.

அரிய பறவையின் கூடு கண்ணில் பட்டால் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள். படமும் இடமும் வாட்ஸ்அப்பில் போனால், அடுத்த வாரம் அங்கே இருபது கார் நிற்கும்.

போனில் குரல் போடுவது

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு நவம்பரில், வாக்கர்ஸ்ட்ரூம் போகும் மண் சாலையோரம் ஒருவர் பொக்மகீரியின் குரலைப் போட்டார். மஞ்சள் வயிறும் தொண்டையில் கறுப்பு ஆரமுமாக இருக்கும் பறவை. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குரல் கொடுக்கும். உடனே வந்தது. வேலிக் கம்பத்தில் ஐந்து மீட்டருக்குள் உட்கார்ந்து கத்தியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். பின்னால் இன்னொன்று வந்து புதருக்கும் கம்பிக்குமாகத் தவித்தது. பைனாகுலரில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் அலகில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. குஞ்சுக்குக் கொண்டுபோனதை வைத்துக்கொண்டு, இல்லாத எதிரியைத் தேடிப் பத்து நிமிடம் அலைந்தது. அதன்பின் எங்கள் பயணங்களில் போன் குரலுக்கு இடமில்லை. சும்மா நின்றாலே வரும். கால் மணி நேரம் சும்மா நிற்பதுதான் பலருக்கு முடிவதில்லை.

வேலி, புல், மேகம்

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டு வாருங்கள். நல்லது செய்வதாக நினைத்துத் திறந்த கேட்டைச் சாத்திவிட்டு வந்தால், மாடுகள் தண்ணீருக்குப் போகும் ஒரே வழியை அடைத்திருப்பீர்கள். பண்ணைக்காரரின் அனுமதி இல்லாமல் வேலி தாண்டவே கூடாது. திருட்டுக்கும் தாக்குதலுக்கும் பயந்து வாழ்கிற பண்ணைகள் இவை. ஓரத்தில் காரை நிறுத்தி அவர்கள் வீட்டுப் பக்கமாகப் பைனாகுலரைத் திருப்பினால், பக்கி என்கிற பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு விசாரிக்க வருவார்கள். வருவது நியாயம்தான். இறங்கி நின்று "சானிபோனானி" என்றோ "ஹூயெ மோரெ" என்றோ முதலில் வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். பல நேரம் ஆந்தை இருக்கும் மரத்தை அவரே காட்டிவிட்டுப் போவார்.

வரிசையாகக் கார்கள் போகும்போது திருப்பத்தில் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை நில்லுங்கள். மண் சாலைப் புழுதியில் முன்னால் போனவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்றே தெரியாது.

ரட் வானம்பாடி போன்ற பறவைகள் குட்டைப் புல்லில் தரையில்தான் கூடு வைக்கின்றன. படம் எடுக்கும் ஆசையில் கூட்டமாகப் பரவி நடந்தால், தேடி வந்த பறவையின் முட்டையையே மிதித்துவிடுவோம். வழிகாட்டியின் பின்னால் ஒற்றை வரிசையில் நடங்கள். பஃப் ஆடர் விரியன் காலடிச் சத்தத்துக்கு விலகாமல் அப்படியே கிடக்கும் பாம்பு என்பதால், உங்களுக்கும் அதுதான் நல்லது. பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. மிளகுப்பொடிபோல் அப்பிக்கொள்ளும் குட்டி உண்ணிகள் கடித்து ஒரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு என்று வரும். அதற்கு மருந்து இருக்கிறது, மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். லீவுக்குச் சென்னை போன இடத்தில் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கப் புல்லில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். குரூகர் தேசியப் பூங்கா பக்கத் தாழ்நிலத்துக்குப் போவதானால் மலேரியா மாத்திரை பற்றியும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டால் 'இன்னும் ஒரே ஒரு பறவை' என்று மேட்டில் நிற்காதீர்கள். ஹைவெல்ட் இடி சொல்லிக்கொண்டு வராது. திறந்த புல்வெளியில் உயரமாக இருப்பது நீங்களும் உங்கள் ட்ரைபாடும்தான்.

கடைசியாக, பட்டியல் வாசிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவது. பயணம் முடிந்து எல்லோரும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், பொறுப்பாளர் இனம் இனமாக வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்குவார்கள். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் பாதிப் பேர் இதற்கு நிற்பதில்லை. போன டிசம்பரில் வாக்கர்ஸ்ட்ரூம் பக்கத்துப் பண்ணை ஒன்றில், தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தோம். வானம்பாடிகள், கொக்குகள், வல்லூறு எல்லாம் ஏறிவிட்டன. "சிட்டுக்குருவி?" என்றார் அந்த ஆசிரியை. யாரும் கை தூக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்து விட்ட குருவிகளின் வாரிசு அது. நானாவது பார்த்திருக்க வேண்டும். அவர் பேனாவை மூடாமல் மேலே பார்த்தார். கொட்டகை உத்தரத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே, வைக்கோல் தொங்கும் கூட்டிலிருந்து ஒரு குருவி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 83-வது இனமாக அதையும் எழுதிக்கொண்டோம்.