ஊர்க் கோவிலின் வரலாற்றைத் தரைத்திட்டத்திலிருந்து தொடங்குங்கள்

கிராமத்துக் கத்தோலிக்கக் கோவிலின் வரலாற்றை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் முகப்பைப் படமெடுத்துக்கொண்டு, திருவிழா மலரில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். முகப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். தரைத்திட்டத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. எனவே அளவுநாடாவும் தாளும் எடுத்துக்கொண்டு, சுவர், வாசல், தூண், பீடம் ஆகியவை இருக்கும் இடங்களை முதலில் வரைந்துகொள்ளுங்கள்.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை அப்படி வரைந்து பார்த்தால், வழக்கமான சிலுவை வடிவம் கிடைக்காது. 1872-இல் எழுந்த அந்தக் கோவிலில் இரண்டு நீண்ட கூடங்கள் இரு திசைகளிலிருந்து வந்து ஒரே பீடத்தில் கூடுகின்றன. ஒரு கூடம் வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு தரப்பாரும் தெரிவார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி இடையில் சுவர் இருந்தது. அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ‘கால்சட்டைக் கோவில்’ என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் இவ்வடிவத்தைக் கட்டடக்கலைப் புதுமை என்று மட்டும் எழுதி நகர்வது நேர்மையாகாது என்பது என் கருத்து. ஆகவே எந்தக் கோவிலானாலும், யார் எந்த வாசல் வழியே வந்தார்கள், எங்கே அமர்ந்தார்கள் என்ற கேள்வியை வரைபடத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பீடம். 1962 முதல் 1965 வரை நடந்த கத்தோலிக்க ஆயர்களின் உலக மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குரு மக்களை நோக்கி நின்று திருப்பலி என்னும் பூசையை நிறைவேற்றும் வழக்கம் பரவியதால், பின்சுவரை ஒட்டிய பழைய பீடத்துக்கு முன்னால் புதிய பீடம் போடப்பட்டிருக்கும். நன்மை (பூசையில் தரப்படும் அப்பம்) வாங்க மக்கள் முழந்தாளிட்ட தடுப்புக் கிராதி பல ஊர்களில் எடுக்கப்பட்டுவிட்டது. அது நின்ற இடத்தில் தரைக்கல்லின் நிறமோ ஒட்டுப்போட்ட சிமெண்டோ மாறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கட்டடத்தின் ஆண்டையும் சபையின், அதாவது அவ்வூர்க் கத்தோலிக்க மக்கள் கூட்டத்தின், ஆண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றது 1745-இல்; இன்றைய கோவிலோ அதற்கு 127 ஆண்டுகள் பிந்தியது. அடிக்கல் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். சபையின் வயதை அறிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கலாம். கோவில் பொறுப்பிலுள்ள பங்குச்சாமியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பங்கு அலுவலகத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுங்கள். பிளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டாம்.

கல்லறைத் தோட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள். கோவிலுக்குள் சுவர் போன பிறகும் அங்கே பிரிவினை நீடித்த ஊர்கள் உண்டு. உங்கள் வரைபடத்தில் அதற்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள்.