கீட்டோன் வேண்டுமா? பிளீச்சைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்

சைக்ளோஹெக்சனால் என்ற ஆல்கஹாலை சைக்ளோஹெக்சனோன் என்ற கீட்டோன் ஆக்க, ஆக்சிஜனேற்றியாக நச்சுக் குரோமியம் தேவையே இல்லை. அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, ஃபியூம் ஹூட்டுக்குள் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வைத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டை, அதாவது பிளீச்சை, சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பநிலை 40–50 டிகிரி செல்சியஸில் நிற்கட்டும். ஏறினால் பக்கவினைகளும் ஏறும், கீட்டோனிலேயே குளோரின் ஒட்டிக்கொள்ளும்.

பழைய பிளீச்சுக்கு வீரியம் குறைவு. அதனால் மில்லிலிட்டர் கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு சொட்டை ஸ்டார்ச்-அயோடைடு தாளில் வைத்துப் பாருங்கள். கருநீலம் வந்தால் ஆக்சிஜனேற்றி மிச்சமிருக்கிறது. வராவிட்டால் இன்னும் கொஞ்சம் விடலாம். முடிந்ததும் மிச்சத்தைச் சோடியம் பைசல்ஃபைட் போட்டு உடனே அழித்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சைக்ளோஹெக்சனால் ஓர் ஈரிணைய ஆல்கஹால் (OH உள்ள கார்பனோடு இரண்டு கார்பன்கள் இணைந்தது). மூலக்கூறில் ஓரிணைய ஆல்கஹாலும் (ஒரே கார்பன் இணைந்தது) இருந்தால், இந்த முறை பெரும்பாலும் ஈரிணையத்தையே முதலில் பிடிக்கும். டெம்போ (TEMPO) என்ற வினையூக்கி சேர்த்தால் நேர்மாறு.