செட்டிநாட்டு வீட்டில் புளூடூத் அறுபடாமல் இருக்க

காரைக்குடியில் பதினேழு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "புளூடூத் போயிருச்சு தம்பி, பாத்துக் குடு" என்று வருகிற போன்களில் பெரும்பாலானவற்றில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. கடை மேசையில் வைத்தால் ஒழுங்காகப் பாடும். வீட்டுக்குப் போனதும் விட்டு விட்டுக் கேட்கும். அதனால் இப்போதெல்லாம் போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "வீட்டில் இதை எங்கே வைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.

இந்தக் கேள்வியைப் பள்ளத்தூர் ஆச்சி ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் இரண்டு காதுக்கும் புளூடூத் வைத்த காது மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். மகன் போன் செய்தால் குரல் நேராகக் காதுக்குள் வரவேண்டும். ஆனால் "பாதி வார்த்தைதான் வருது, மீதியை நானா நெனச்சுக்கிறேன்" என்றார். விற்ற இடத்தில் மெஷின் கோளாறு, திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று போனேன்.

ஆச்சி உட்காருவது வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், தூண் ஓரமாக. போன் சார்ஜில் கிடந்தது அறைக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால். நடுவில் இருந்த சுவர் என் கைக்கு ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். போன் இருந்த இடத்துக்கும் ஆச்சி இருந்த இடத்துக்கும் நாலு எட்டுதான். ஆனாலும் அறுந்தது.

புளூடூத் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. போன், ஸ்பீக்கர் மாதிரியான சாதனங்கள் சில மில்லிவாட் சக்தியில்தான் பேசுகின்றன. பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. தடித்த சுவர் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நம் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: வளவு. நடுவில் திறந்த வெளி, குறுக்கே எதுவும் இல்லை. வளவை ஒட்டிய இந்தப் பட்டாலையிலிருந்து (உட்காரும் மேடையிலிருந்து) எதிர்ப் பட்டாலைக்கு அலை தடையில்லாமல் போகும். ஆகவே போனோ ஸ்பீக்கரோ, எதுவானாலும் வளவைப் பார்த்தபடி வையுங்கள். ஆச்சி வீட்டில் விளக்கு வைக்காத மாடம் ஒன்று வளவுப் பக்கம் இருந்தது. சார்ஜர் ஒயரை அங்கே நீட்டி, போனை அதில் வைத்தோம். பேச்சு நின்று போவது அன்றோடு போயிற்று.

ஒரு குறை மட்டும் மிஞ்சியது. நடந்துகொண்டே பேசினால் இடது காதில் மட்டும் கரகரத்தது. பார்த்தால், போனை வலது பக்க இடுப்பில் மடியில் செருகியிருந்தார். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். இடுப்பிலிருந்து கிளம்பும் அலை, உடம்பைத் தாண்டித்தான் மறுபக்கக் காதுக்குப் போகவேண்டும். கழுத்தில் தொங்கும் சின்னத் துணிப்பை ஒன்று தைத்து, போனை நெஞ்சுக்கு நேராக வரச் செய்தோம். இரண்டு காதும் சரியாகிவிட்டன. ஒற்றைக் காது இயர்பட் போடுபவர்கள் போனை அந்தக் காது இருக்கிற பக்கத்துப் பையிலேயே வைத்தால் போதும்.

இனி பேரிங், அதாவது போனையும் சாதனத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து வைப்பது. புதிதாகச் சேர்க்கும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: சாதனத்தை ஆன் செய்தால் போதும் என்று நினைப்பது. ஆன் ஆவது வேறு, பேரிங் நிலைக்குப் போவது வேறு. ஸ்பீக்கரில் புளூடூத் குறி போட்ட பொத்தானை விளக்கு வேகமாக மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். பல காது மெஷின்களில் பொத்தானைத் தேட வேண்டாம். பேட்டரிக் கதவைத் திறந்து மூடினாலோ, சார்ஜர் பெட்டியிலிருந்து எடுத்தாலோ, சில நிமிடம் மட்டும் பேரிங் நிலையில் இருக்கும். அதற்குள் போனில் தேடிப் பிடிக்க வேண்டும். ஐபோனில் இதை செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் ஹியரிங் டிவைசஸ் என்ற இடத்தில் பாருங்கள். அப்புறம், காது மெஷின் எல்லாம் எல்லாப் போனோடும் சேராது. வாங்குவதற்கு முன் உங்கள் போன் மாடலைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பழைய ஸ்பீக்கரோ கார் செட்டோ எண் கேட்டால் 0000 போடுங்கள், இல்லையென்றால் 1234.

ஒருமுறை சேர்ந்தது பிறகு சேர மறுத்தால், போனில் அந்தப் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். அது பாதி வேலை. ஸ்பீக்கரும் பழைய நினைவை வைத்திருக்கும், அதையும் ரீசெட் செய்ய வேண்டும். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பது அதனுடன் வந்த தாளில் இருக்கும், தயவுசெய்து அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த ரீசெட்டின் அருமை, முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு அன்று தெரியும். பங்காளிகள் எல்லாம் வந்திருப்பார்கள். வளவில் வைத்த ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, போன வருடம் அதே ஸ்பீக்கரில் சேர்ந்த யாரோ ஒருவர் போன் தானாக ஒட்டிக்கொண்டு வேறெதையோ பாட ஆரம்பிக்கும். முதல் நாள் இரவே ஸ்பீக்கரை ரீசெட் செய்து, பாட்டுப் போடப் போகிற ஒரே ஒரு போனை மட்டும் சேருங்கள். அந்தப் போனை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வைஃபை பெட்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் சூடாக்குகிறது. புளூடூத் இதைச் சமாளிக்கத் தெரிந்தது. பாட்டு கேட்கும் வகைப் புளூடூத் 79 சேனல்களுக்கு இடையே நொடிக்கு 1600 தடவை வரை தாவும், நெரிசலான சேனலை ஒதுக்கிவிடும். ஆனாலும் வைஃபை பெட்டிக்கு ஒட்டினாற்போல ஸ்பீக்கரை வைக்காதீர்கள். பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதில் போட்டுவிடுங்கள், புளூடூத்துக்கு இடம் கிடைக்கும்.

புளூடூத்தின் அந்தக் கோணல் குறியைப் பற்றி வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர் புளூடூத். ஹரால்டு, புளூடூத் என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளையும் பழைய ரூனிக் எழுத்தில் ஒன்றாகச் சேர்த்துப் போட்டதுதான் அது.

போனை விற்கும்போதோ மாற்றும்போதோ பேரிங் பட்டியலை முழுக்க அழித்துவிட்டுக் கொடுங்கள். காது மெஷின் வைத்திருப்பவர்கள் புதுப் போனில் அதைச் சேர்த்து, ஒரு தடவை பேசிப் பார்த்த பிறகுதான் பழையதைக் கைவிட வேண்டும். ஆச்சி போன மாதம் போன் மாற்றினார். இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்து, மகனுக்குப் போட்டுப் பேசி முடித்த பிறகுதான் பழையதை என் கையில் கொடுத்தார்.