நியூட்டன் தொலைநோக்கியில் பைனோவியூவர்: அளந்து பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்

ஒரே தொலைநோக்கியின் காட்சியை இரு கண்களுக்கும் பிரித்துத் தரும் கருவிதான் பைனோவியூவர். நிலவில் பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கோட்டை அதன் வழியே இரு கண்களாலும் பார்த்தவர்கள் திரும்ப ஒற்றைக் கண்ணுக்குப் போக விரும்புவதில்லை. பள்ளங்களுக்கு ஆழமும் மலைகளுக்கு உயரமும் வந்துவிட்டதைப் போலத் தோன்றும். இரு கண்களுக்கும் போவது ஒரே பிம்பம்தான் என்பதால் அது உண்மையான முப்பரிமாணக் காட்சி இல்லை. ஆனாலும் ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளும் சிரமம் நீங்கிவிடுகிறது. கண்ணுக்குள் மிதக்கும் தூசி போன்ற நிழல்களும் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. அதனால் வியாழனின் பட்டைகளிலும் நிலவின் பிளவுகளிலும் நுண்ணிய விவரங்கள் எளிதாகப் பிடிபடுகின்றன.

ஆனால் பைனோவியூவரை வாங்கி நேராக நியூட்டன் தொலைநோக்கியில் (ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் வகை) செருகினால், பெரும்பாலும் மங்கலான ஒளிவட்டம் மட்டுமே தெரியும். ஃபோகசரை (பிம்பத்தைத் தெளிவாக்க உள்ளும் வெளியும் நகரும் குழாய்) எவ்வளவு உள்ளே தள்ளினாலும் பிம்பம் தெளியாது. கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தூரம் போதவில்லை, அவ்வளவுதான்.

1. பிம்பம் ஏன் தெளியவில்லை?

பைனோவியூவருக்குள் வரும் ஒளிக்கற்றையை ஒரு முப்பட்டகம் இரண்டாகப் பிரிக்கிறது. வேறு முப்பட்டகங்கள் அந்த இரு கிளைகளையும் வளைத்து இரண்டு ஐபீஸ்களுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதிகள்) அனுப்புகின்றன. இந்தப் பயணத்துக்குச் சுமார் 100 முதல் 130 மி.மீ. வரை செலவாகும். கருவிக்குக் கருவி இது மாறும் என்பதால் உங்கள் பைனோவியூவரின் ஒளிப்பாதை நீளத்தைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நியூட்டன் தொலைநோக்கியிலோ குவியத்தளம் (பிம்பம் கூர்மையாக விழும் இடம்) குழாய்க்குச் சற்று வெளியே மட்டுமே விழும்படி வைத்திருப்பார்கள். குவியம் வெளியே தள்ளிப்போகப் போக, ஒளியைப் பக்கவாட்டில் ஃபோகசருக்குத் திருப்பும் துணை ஆடி பெரிதாக வேண்டும், அது குழாயின் அடியில் உள்ள முதன்மை ஆடிக்கு வரும் ஒளியை அதிகமாக மறைக்கும். அதைத் தவிர்க்கவே இந்த அமைப்பு.

2. எவ்வளவு குறைகிறது என்று அளவெடுங்கள்

இதற்கு நிலவும், ஒரு துண்டு டிரேசிங் தாளும், ஒரு அளவுகோலும் போதும். தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்பி, ஐபீஸைக் கழற்றிவிடுங்கள். ஃபோகசரை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். அதன் வாய்க்கு மேலே தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிலவின் சிறிய பிம்பம் மிகக் கூர்மையாக விழும் இடத்துக்கும் ஃபோகசரின் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூரம் 30 மி.மீ. என்றும் பைனோவியூவரின் ஒளிப்பாதை 110 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 80 மி.மீ. பற்றாக்குறை. இந்த ஓர் எண் கையில் இருந்தால் அடுத்து என்ன வாங்குவது என்ற குழப்பமே இருக்காது. சூரியனை வைத்து இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். தாளும் எரியும், கண்ணும் போகும்.

3. பற்றாக்குறையைப் பார்லோவால் ஈடுகட்டுங்கள்

பார்லோ ஒரு குழிவில்லை. குவிந்துவரும் ஒளியை அது கொஞ்சம் விரித்துவிடுவதால் குவியம் வெளியே நகர்கிறது. இரண்டு மடங்கு பார்லோவின் வில்லைப் பகுதியைத் தனியாகக் கழற்ற முடிந்தால், அதைப் பைனோவியூவரின் மூக்குப் பகுதியில் உள்ள ஃபில்டர் மரையில் திருகலாம். சில பைனோவியூவர்களுடன் இதற்கென்றே ஒரு வில்லை தருகிறார்கள்.

கணக்கு எளியது. பார்லோவிலிருந்து ஐபீஸின் குவியத்தளம் வரையுள்ள தூரத்தைப் பார்லோவின் குவியத் தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் உண்மையான பெருக்கம் கிடைக்கும். பார்லோவின் குவியத் தூரம் 100 மி.மீ., வில்லையிலிருந்து ஐபீஸ் வரை 140 மி.மீ. என்றால் பெருக்கம் 2.4. அந்த 140-ஐ 2.4-ஆல் வகுத்தால் 58. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 82 மி.மீ. அளவுக்குக் குவியம் வெளியே நகர்ந்திருக்கிறது. நமக்குத் தேவைப்பட்டது 80. மயிரிழையில் போதும்! இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்றால், பார்லோவைக் குழாயோடு முழுதாக ஃபோகசரில் செருகி அதன் மேல் பைனோவியூவரை வையுங்கள். குவியம் மேலும் வெளியே வரும், ஆனால் பெருக்கம் மூன்று மடங்கைத் தொட்டுவிடும்.

பலர் பார்லோவை வேண்டாவெறுப்பாகப் பொருத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. f/5, f/6 (குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப்போல் 5, 6 மடங்கு) போன்ற வேகமான, அதாவது சட்டெனக் குவியும் ஒளிக்கூம்பு தடித்த முப்பட்டகத்தின் வழியே போகும்போது நிறப்பிறழ்ச்சி (பிம்பத்தின் ஓரங்களில் வண்ணம் கசிவது) எட்டிப் பார்க்கும். முன்னால் பார்லோ இருந்தால் f/6 தொலைநோக்கி f/14 அளவுக்கு மெதுவாகிவிடுவதால் அந்தக் குறை பெருமளவு அடங்கும். நிலவுக்கும் கோள்களுக்கும் எப்படியும் உயர்ந்த உருப்பெருக்கம்தான் வேண்டும்.

முதன்மை ஆடியைக் குழாய்க்குள் மேலே நகர்த்துவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் துணை ஆடியின் மீது விழும் ஒளிக்கூம்பு அகலமாகும். f/6-இல் 80 மி.மீ. நகர்த்தினால் சுமார் 13 மி.மீ. கூடுதல் அகலம் தேவை. துணை ஆடி அதற்கு இடம் தராவிட்டால் விளிம்பு ஒளி வீணாகும். தொடக்கநிலையில் இதற்குள் போக வேண்டாம்.

4. ஐபீஸ் இணை

ஒரே தயாரிப்பு, ஒரே வகை, ஒரே குவியத் தூரம் கொண்ட இரண்டு ஐபீஸ்கள் வேண்டும். 25 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் இணையிலிருந்து தொடங்குங்கள். 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கியில் 2.4 மடங்கு பார்லோவுடன் 115 மடங்கு உருப்பெருக்கம் வரும். விலை குறைந்த பைனோவியூவர்களில் ஒளி புகும் துளை 20 முதல் 23 மி.மீ. வரைதான் இருக்கும். 32 மி.மீ. பிளாசலைப் போட்டால் காட்சியின் ஓரம் இருண்டுவிடும். மிகப் பருத்த ஐபீஸ்கள் இரண்டுக்கும் நடுவே மூக்கு நுழையாது.

5. இரு பிம்பங்களை ஒன்றாக்குதல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். முதலில் ஆடிகளின் கொலிமேஷனை (இரண்டும் ஒரே ஒளி அச்சில் ஒழுங்காக இருப்பதை) வழக்கம்போலச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு பகலில், சூரியனுக்கு எதிர்த்திசையில், வெகுதொலைவில் உள்ள ஒரு கோபுர முனையையோ மின்கம்பத்தையோ பாருங்கள்.

பைனோவியூவரை மடக்கி விரித்து, ஐபீஸ்களின் இடைவெளியை உங்கள் கண்மணிகளின் இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாக வேண்டும். அடுத்து வலக் கண்ணை மூடி, தொலைநோக்கியின் ஃபோகசரால் இடக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, ஃபோகசரைத் தொடாமல், வலப்பக்க ஐபீஸ் பிடியில் உள்ள தனித் திருகால் மட்டும் தெளிவாக்குங்கள். தனித் திருகு இல்லாவிட்டால் ஐபீஸைச் சற்றே மேலே இழுத்து இறுக்கலாம்.

இன்னும் இரண்டாகத் தெரிகிறதா? ஐபீஸ்கள் சாய்ந்து அமர்ந்திருக்கலாம். ஒற்றைத் திருகால் இறுக்கும் பிடிகளில் இது அடிக்கடி நடக்கும். தளர்த்தி, நன்றாக அழுத்தி உட்காரவைத்து மீண்டும் இறுக்குங்கள். ஐபீஸ்களை இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஒரு பிம்பம் மேலேயும் மற்றது கீழேயும் நின்றால் முப்பட்டகங்களில் கோளாறு. பக்கவாட்டு விலகலைக் கண்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், மேல்கீழ் விலகலைச் சமாளிப்பது மிகக் கடினம். தலைவலியோடு பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், கருவியைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

6. முதல் இரவு

பைனோவியூவரும் இரண்டு ஐபீஸ்களும் சேர்ந்தால் எடை கூடும். டாப்சோனியன் (எளிய பெட்டித் தாங்கியில் அமரும் நியூட்டன்) என்றால் குழாயின் முன்பக்கம் தாழும். ஆடி இருக்கும் முனையில் எதிர்எடை வையுங்கள். ஃபோகசரின் திருகுகளைக் கையால் ஒருமுறை சோதித்துவிட்டுப் பிறகே பிடியை விடுங்கள். இரண்டு ஐபீஸ்களும் உங்கள் கண்களின் கிடைக்கோட்டுக்கு இணையாக வரும்படி பைனோவியூவரைச் சுழற்றிக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைத் தாங்கியில் (வானின் சுழற்சியைப் பின்தொடரும்படி அச்சு சாய்ந்த தாங்கி) வானின் பகுதி மாறும்போதெல்லாம் ஃபோகசர் வேறு திசைக்குத் திரும்பிவிடும். அப்போது குழாயையே அதன் வளையங்களுக்குள் சுழற்ற வேண்டியிருக்கும்.

முதல் இலக்கு முதல் கால்பகுதி நிலவாக (வளர்பிறை அரைநிலவு) இருக்கட்டும். 115 மடங்கில் கிட்டத்தட்ட முழு நிலவு வட்டமும் காட்சிக்குள் அடங்கும். இயக்க மோட்டார் இல்லாவிட்டால் ஓர் இலக்கு காட்சியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆகவே மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள். கண்களைத் தளரவிடுங்கள், முறைத்துப் பார்க்க வேண்டாம். சில நிமிடங்களில் பிம்பம் தானாக ஒன்றிவிடும்.

அடுத்து வியாழன், சனி, எம்13 போன்ற கோளக் கொத்துகள் (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டங்கள்). மங்கலான விண்மீன் மண்டலங்களைத் (கேலக்ஸிகளை) தேடும்போது மட்டும் பைனோவியூவரைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி ஒளிக்கும் குறைவாகவே போய்ச்சேர்வதால் அவற்றுக்கு ஒற்றை ஐபீஸே ஏற்றது.